பழைய வேட்டைத் துப்பாக்கி எங்கே பிறந்தது, யார் கைகளில் இருந்தது?

குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருந்துவரும் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குழல்களில் சுருள்சுருளான கோலம் தெரிகிறது. தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி போன்ற ‘குதிரைகள்’ இரண்டும் வெளியே நிற்கின்றன. இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் மேற்பட்டையில் லண்டன் நிறுவனம் ஒன்றின் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. தோளில் அணைக்கும் மரக்கட்டையின் அடியில் பதித்த சிறிய முட்டைவடிவத் தகட்டில் மூன்று எழுத்துகள் பின்னிக் கிடக்கின்றன. பிரபு ஒருவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குப் பரிசாகக் கொடுத்தது என்று வீட்டில் சொல்லிவருகிறார்கள். அது எங்கே, எப்போது செய்யப்பட்டது, உங்கள் குடும்பத்துக்கு வருமுன் யாரிடம் இருந்தது என்று அறிய விரும்புகிறீர்கள்.

கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை இரண்டு. பிறப்பு விவரம் பெரும்பாலும் அந்த இரும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். உடைமை விவரமோ காகிதங்களில்தான் கிடைக்கும், அதுவும் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். ஆகவே முதலில் பிறப்பை உறுதிசெய்துகொண்டு, பிறகு உடைமைக்குப் போவோம்.

அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்பதைப் பார்த்தே தீர வேண்டும். உங்களுடையது பின்புறம் திறக்கும் வகை என்பதால் திறந்தாலே தெரிந்துவிடும். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய வகைகளில் அப்படித் தெரியாது. நூறு ஆண்டுக்கு முன் கெட்டித்த மருந்தும் ஈய ரவையும் இன்னும் உள்ளேயே இருந்த துப்பாக்கிகள் எத்தனையோ உண்டு. அத்தகைய குழலுக்குள் ஒரு மெல்லிய மரக்குச்சியை அடிவரை விட்டு, வாயோடு சேர்த்துக் குச்சியில் ஒரு கோடு போட்டு, பிறகு அதே குச்சியைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குச்சியின் நுனி அடிப்பகுதிவரை எட்டாமல் சில அங்குலம் முன்னதாகவே நின்றால், உள்ளே ஏதோ இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: துருவைச் சுரண்டுவதோ, மணல்தாளால் தேய்ப்பதோ, பளபளப்பு மருந்து போடுவதோ வேண்டாம். நாம் படிக்க வேண்டிய முத்திரைகளின் ஆழம் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான் இருக்கும்.

இப்போது மேற்பட்டையில் உள்ள பெயருக்கு வருவோம். உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் ஒரு பழைய துப்பாக்கியில் மிகக் குறைவாக நம்ப வேண்டியது கண்ணுக்கு முதலில் படும் அந்தப் பெயரைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயர் செதுக்கியவரும் துப்பாக்கியைச் செய்தவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊர்ப்புறத்து இரும்புக் கடைக்காரர்களும் சிறு துப்பாக்கி வியாபாரிகளும் பர்மிங்ஹாம் பட்டறைகளில் முடித்த துப்பாக்கிகளை வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். லண்டன் பெயர்கள் சிலவும் இதற்கு விலக்கல்ல. இது மோசடி அல்ல, அன்றைய வியாபார முறையே அதுதான். மோசடி வேறு இருந்தது. புகழ்பெற்ற பர்மிங்ஹாம் நிறுவனமான வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் பெயரை நினைவூட்டும்படி வெறுமனே ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்றும், லண்டனில் பெயர்பெற்ற மான்டனின் பெயரை ‘ஜே. மான்டன்’ என்றும் பொறித்த பெல்ஜிய மலிவுத் துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயின. அமெரிக்காவில் கனெடிகட் மாநிலத்து கிரெசன்ட் நிறுவனம், கடைக்காரர்கள் கேட்ட பெயரையெல்லாம் பொறித்துக் கொடுத்தது. அப்படிப்பட்ட பெயர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு, அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் எந்த மனிதரும் கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என்னிடம் காட்டிய துப்பாக்கியில் குதிரையை இயக்கும் பொறியை (பூட்டை) மூடிய தகட்டின் மேல் அந்த ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ இருந்தது. குதிரைகளில் நல்ல வளைவு, பூட்டைச் சுற்றிப் பூவேலை, பார்ப்பதற்கு இங்கிலாந்துத் துப்பாக்கியேதான். குழல்களின் அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைப் பிரித்து அடியைத் திருப்பியதும், ஒரு முட்டைவடிவக் கோட்டுக்குள் இ, எல், ஜி என்ற மூன்று எழுத்துகள் தெரிந்தன. பேச்சு அத்துடன் முடிந்தது. அது பெல்ஜியத்தின் லியெஜ் நகரச் சோதனைக் கூடத்தின் முத்திரை.

நீங்களும் செய்ய வேண்டியது இதுதான். முன்கட்டையை விடுவித்து, குழல்களைத் தனியே எடுத்து, அவற்றின் பின்முனையில் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் பகுதியைப் பாருங்கள். விளக்கை நேர் மேலிருந்து காட்டினால் ஒன்றும் தெரியாது; பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் முத்திரைகளின் விளிம்பில் நிழல் விழுந்து எழுத்துகள் எழுந்து நிற்கும். அப்போதும் தெரியாவிட்டால் மெல்லிய தாளை வைத்து மென்மையான பென்சிலால் இலேசாகத் தேய்த்து அச்செடுக்கலாம்.

இந்தச் சோதனை முத்திரைகள் ஏன் நம்பத்தக்கவை என்றால், அவற்றை அடித்தவர் செய்தவரும் அல்ல, விற்றவரும் அல்ல. வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டு, குழல் வெடிக்காமலும் வீங்காமலும் தாங்குகிறதா என்று பார்த்த பிறகு, சட்ட அதிகாரம் பெற்ற சோதனைக் கூடம் அடிக்கும் முத்திரை அது. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. அதன் முத்திரை கிரீடத்தின் கீழ் பின்னிய ‘ஜி.பி.’ என்ற எழுத்துகளும், கிரீடத்தின் கீழ் ‘வி’ எழுத்தும். பர்மிங்ஹாம் சோதனைக் கூடம் 1813-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. அதன் பழைய முத்திரையில் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்களும், மேலே கிரீடமும், சுற்றிலும் ‘பி’, ‘பி’, ‘சி’ என்ற எழுத்துகளும் இருக்கும். அந்தச் செங்கோல்கள் 1904-இல் நீங்கி, கிரீடத்தின் கீழ் ‘பி.பி.’, ‘பி.வி.’, ‘என்.பி.’ என்று எழுத்து முத்திரைகள் வந்தன. உங்கள் குழலில் லண்டன் பெயரும் பர்மிங்ஹாம் செங்கோலும் சேர்ந்திருந்தால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். லண்டன் கடையின் பெயரில் விற்ற பர்மிங்ஹாம் வேலையாக இருக்கலாம்.

முத்திரைகளின் அருகே வேறு குறிப்புகளும் இருக்கும். காலத்தைக் குறுக்கிக் காட்டுபவை அவையே. வாய்ப்பக்கம் குறுக்கிய ‘சோக்’ குழல்களில், தனிக்குண்டு போட்டுச் சுடக்கூடாது என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களை 1875 முதல் 1887 வரை அடித்தார்கள். சாய்சதுரக் கட்டத்துக்குள் ‘போர்’ எண்ணும் (குழலின் உள்விட்ட அளவைக் குறிக்கும் எண்) ‘சி’ எழுத்தும் 1887-இல் வந்தன. புகையில்லா மருந்துக்கான சோதனைக் குறிப்பு 1896-இலும், தோட்டா அறையின் நீளத்தைக் காட்டும் எண் 1925-இலும் சேர்ந்தன. எடுத்துக்காட்டாக, ஒரு குழலில் சாய்சதுரத்துக்குள் 12-உம் ‘சி’-யும் இருந்து, பக்கத்திலேயே செங்கோல் முத்திரையும் இருந்தால், அந்தக் குழல் 1887-க்கு முன்னும் வந்திருக்க முடியாது, 1904-க்குப் பின்னும் வந்திருக்க முடியாது. இரண்டு பக்கமும் இப்படி நெருக்கிக்கொண்டே வந்தால் சில நேரங்களில் பத்தாண்டுக்குள் அடங்கிவிடும்.

இங்கே அநேகர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. 12 போர் துப்பாக்கியின் குழலில் 13 என்று அடித்திருப்பதைக் கண்டு, இது வேறு அளவு போலிருக்கிறதே, குழலை மாற்றிவிட்டார்களோ என்று திகைப்பார்கள். போர் எண் என்பது, ஒரு பவுண்டு ஈயத்தை அத்தனை சம உருண்டைகளாகச் செய்தால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதைக் குறிப்பது. பன்னிரண்டு உருண்டை என்றால் 0.729 அங்குலம், பதின்மூன்று என்றால் 0.710 அங்குலம். அறையில் 12 போர் தோட்டா நுழையும். அதற்கு முன்னால் குழலின் உள்விட்டம் சற்றுக் குறுகலாகத் துளைக்கப்பட்டிருக்கும். சோதனைக் கூடம் அந்த உள்விட்டத்தைத்தான் 13 என்று குறித்தது. 1954-க்குப் பிறகு அதே அளவைத் தசம அங்குலத்திலேயே அடித்தார்கள்.

பிற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லியெஜ் கூடம் 1672-இல் தோன்றியது; அந்த முட்டைவடிவ முத்திரையின் தலையில் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தியது, இல்லாவிட்டால் முந்தியது. ஜெர்மனியில் 1891-ஆம் ஆண்டின் சோதனைச் சட்டத்துக்குப் பிறகு கிரீடத்தின் கீழ் தனித்தனி எழுத்துகள் வரும். பிற்காலத்துக் குழல்களில் மாதமும் ஆண்டும் சேர்ந்த எண்ணே கிடைப்பதுண்டு. ஸ்பெயினில் 1927 முதல் ஆண்டைக் குறிக்கும் எழுத்து உண்டு. இத்தாலியில் 1945 முதல் ஆண்டைக் குறிக்கும் குறியீடு உண்டு. அமெரிக்காவில் அரசுச் சோதனைக் கூடம் இல்லை. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்வரை வரிசை எண் கட்டாயமும் இல்லை, எனவே எண்ணே இல்லாத மலிவுத் துப்பாக்கி கிடைத்தால் யாரோ அழித்துவிட்டார்கள் என்று சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் எண் இருந்த இடத்தில் அரம் போட்ட பள்ளம் தெரிந்தால் அது வேறு விஷயம். அதை மீட்டெடுக்க நீங்களே அமிலம் ஊற்றிப் பார்க்காமல் காவல்துறையிடம் சொல்லிவிடுவது நல்லது.

குழலின் கோலத்தை வைத்து ஊரைச் சொல்ல முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் முறுக்கி, ஓர் உருளையின் மேல் சுற்றிச் சூட்டில் அடித்து ஒட்டவைத்த டமாஸ்கஸ் குழல்கள், லியெஜை அடுத்த வெஸ்டர் பள்ளத்தாக்கிலிருந்து இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் வெறும் குழாய்களாகவே போயின. சில மலிவுத் துப்பாக்கிகளில் அந்தக் கோலமே சாதாரண எஃகின் மேல் போட்ட பூச்சு. வெளியே குதிரை இருப்பதும் பழமைக்குச் சான்று அல்ல. குதிரை உள்ளே மறைந்த ஆன்சன்–டீலி அமைப்பு 1875-லேயே காப்புரிமை பெற்றுவிட்டது. ஆனாலும் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் 1936-இல் மறையும்வரை குதிரை வெளியே நிற்கும், லண்டன் பர்டி நிறுவனத்தின் துப்பாக்கிகளையே விரும்பிச் சுட்டார்.

அடுத்தது வரிசை எண். அது பொதுவாக விசைக்காப்பு வளையத்தின் நீண்ட வாலிலும், குழல்களின் அடியிலும், முன்கட்டைக்குள் இருக்கும் இரும்பிலும் இருக்கும். மூன்றும் ஒன்றாக இருந்தால் துப்பாக்கி பிறந்தபடியே இருக்கிறது. குழலில் மட்டும் வேறு எண் என்றால் குழல் பின்னால் மாற்றப்பட்டது; அப்படியானால் குழலின் முத்திரைகளிலிருந்து நாம் கணக்கிட்ட காலம் குழலின் காலமே தவிரத் துப்பாக்கியின் காலம் அல்ல. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னோர் எண் உண்டு. வேறொருவரின் காப்புரிமை அமைப்பைப் பயன்படுத்திய பட்டறை, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிமைத்தொகை செலுத்தி, காப்புரிமையாளரின் பெயரோடு ஒரு பயன்பாட்டு எண்ணை அடித்தது. ‘பர்டியின் காப்புரிமை’ என்ற சொற்களும் ஓர் எண்ணும் திறப்பு அமைப்பின் அருகே இருப்பதைக் கண்டு, பர்டி துப்பாக்கி கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சொற்கள் காட்டுவது, குழல்களை மூடிப் பிடித்துவைக்கும், பர்டி 1863-இல் காப்புரிமை பெற்ற பூட்டுத்தாழ் அதில் இருக்கிறது என்பதை மட்டுமே.

முகவரி இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பர்டி நிறுவனம் 1826 முதல் 1880-களின் தொடக்கம்வரை லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் முந்நூற்றுப் பதினான்கரை என்ற விசித்திரமான கதவெண்ணில் இருந்தது, பிறகு ஆட்லி இல்லத்துக்குப் போனது; ஆகவே பட்டையில் அந்த ‘அரை’ தெரிந்தால் காலம் பாதி தெரிந்துவிட்டது. நிறுவனப் பெயரின் வடிவமும் அப்படியே: ‘ஹாலண்ட் அண்டு ஹாலண்ட்’ என்ற பெயர் 1876-இலும், ‘வெப்லி அண்டு ஸ்காட்’ 1897-இலும் வந்தவை.

இவையெல்லாம் கையில் இருந்தால்தான் நிறுவனத்துக்கு எழுதுவதில் பயன் உண்டு. பர்டி, ஹாலண்ட் அண்டு ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் பழைய பேரேடுகள் இன்னும் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் வரிசை எண்ணை வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். வின்செஸ்டர், எல்.சி. ஸ்மித் துப்பாக்கிகளின் தொழிற்சாலைப் பதிவுகள் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ‘கோடி’ என்ற பெயருள்ள நகரத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளன. பார்க்கர் துப்பாக்கிகளுக்கு அவற்றைச் சேகரிப்பவர்களின் சங்கம் ஆய்வுக் கடிதம் தருகிறது. எழுதும்போது எண்ணை மட்டும் அனுப்பாமல் முத்திரைகளின் படங்களையும் குழல் நீளத்தையும் சேர்த்து அனுப்புங்கள். போலி செய்தவர்கள் உண்மையான எண்ணையே பொறித்திருக்கலாம். அப்போது பேரேட்டில் உள்ள விவரமும் உங்கள் கையில் உள்ள துப்பாக்கியும் ஒத்துப்போகாது என்பதால்தான் உண்மை வெளிப்படும். பேரேட்டு வரியில் போர், குழல் நீளம், முடித்த நாள், கட்டையின் அளவுகள் ஆகியவற்றோடு, அதிருஷ்டம் இருந்தால் ஆணை கொடுத்தவரின் பெயரும் இருக்கும்.

இங்கேதான் பிறப்பு முடிந்து உடைமை தொடங்குகிறது. பேரேடு சொல்வது முதல் ஆளை மட்டுமே. அடுத்தடுத்தவர்களைப் பற்றி அரசிடம் பதிவு இருக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். பிரிட்டனில் 1870-ஆம் ஆண்டின் சட்டப்படி பத்து ஷில்லிங் கட்டித் துப்பாக்கி உரிமம் பெற வேண்டியிருந்தது உண்மை, ஆனால் அது வரி வசூல். உரிமம் மனிதருக்குத்தானே தவிர, எந்தத் துப்பாக்கி என்று அதில் யாரும் எழுதவில்லை. வேட்டைத் துப்பாக்கிகளுக்குக் காவல்துறைச் சான்றிதழ் 1968-இல்தான் வந்தது; தனித்தனித் துப்பாக்கியின் விவரம் அந்தச் சான்றிதழில் ஏறியது 1988-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகே. அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கிகளுக்குத் தேசியப் பதிவேடே கிடையாது. உரிமத்தில் துப்பாக்கியின் எண்ணையே எழுதும் நாடுகளில் நிலைமை மேல்: உங்கள் குடும்பத்தின் பழைய உரிமப் புத்தகங்களில் கைமாற்றக் குறிப்பு இருந்தால், உறுதியான சங்கிலி அதுதான். ஆகவே முதல் ஆளிடமிருந்து கீழே வர முயல்வதைவிட, இன்று வைத்திருக்கும் உங்களிடமிருந்து பின்னோக்கிப் போவது சரி. உயில், சொத்துப் பட்டியல், காப்பீட்டுத் தாள், பழுது பார்த்த ரசீது, வேட்டைக் குறிப்பேடு, கையில் துப்பாக்கியுடன் எடுத்த பழைய நிழற்படம் எல்லாமே இதற்கு உதவும். நிழற்படத்தில் முகத்தைவிட, குதிரையின் வளைவும் திறப்பு நெம்புகோல் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதும் முக்கியம்.

கட்டையில் உள்ள முட்டைவடிவத் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுப்பகுதி இலேசாகக் குழிந்திருந்தால் முந்தைய உடைமையாளரின் எழுத்துகளை அராவி எடுத்துவிட்டுப் புதியவற்றைச் செதுக்கியிருக்கிறார்கள் என்று பொருள்; அந்த மூன்று எழுத்துகள் முதல் உடைமையாளருடையவை அல்ல. எழுத்துக்குப் பதில் குலச்சின்னம் இருந்தாலும் அவசரப்பட வேண்டாம், ஒரே சின்னத்தைத் தொடர்பில்லாத பல குடும்பங்கள் வைத்திருந்தன. மேற்பட்டையில் தங்கத்தில் 1 அல்லது 2 என்று பதித்திருந்தால் இது ஒரு ஜோடியில் ஒன்று. இன்னொன்று எங்கோ இருக்கிறது, அதன் வரலாறு உங்களுடையதற்கும் முதல் பாதிவரை பொருந்தும்.

கட்டையின் பின்முனையில் வேறு இழையோட்டமுள்ள மரத்துண்டு ஒட்டியிருக்கிறதா, அல்லது நுனி வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல துப்பாக்கியின் கட்டை, சட்டை தைப்பது போல, ஆணை கொடுத்தவரின் கை நீளத்துக்கும் தோள் அகலத்துக்கும் அளவெடுத்துச் செய்தது. பேரேட்டில் உள்ள நீளம் இப்போதைய நீளத்தைவிட ஓர் அங்குலம் அதிகமானால், முதல் ஆளைவிடக் குள்ளமான ஒருவர் பின்னால் அதைப் பயன்படுத்தியிருக்க வாய்ப்பு அதிகம்.

பெட்டியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால், மூடியின் உட்புறத்து விற்பனைத்தாளையும், மேலே வர்ணத்தில் எழுதிய பெயரையும், ரயில் பயண ஒட்டுத்தாள்களையும் படமெடுங்கள். ஆனால் முதலில் குழல்களை அவற்றுக்குரிய அறையில் வைத்துப் பாருங்கள். ஓர் அங்குலம் ஆடினால், பெட்டி வேறொரு துப்பாக்கியுடையது, அதன் மேலுள்ள பெயரும் வேறொருவரின் கதை.

உங்கள் வீட்டுக் கதையை இவற்றோடு எப்படி ஒத்துப் பார்ப்பது? பேரேட்டில் அந்தப் பிரபுவின் பெயரே இருந்தால் கதை வலுப்பெறும், என்றாலும் அவர் பரிசளித்தார் என்பதற்கு அது சான்றாகாது. அதற்கு ஒரு கடிதமோ, பரிசளிப்பு வாசகம் செதுக்கிய தகடோ வேண்டும். பேரேட்டில் ஒரு கடைக்காரரின் பெயர் இருந்தால் கதை விழுந்துவிடாது. பிரபு அந்தக் கடையில் வாங்கியிருக்கலாம். முத்திரைகள் காட்டும் காலம் அந்தப் பிரபு இறந்த பின்னாக இருந்து, குழல்களும் மாற்றப்படாதவையாக இருந்தால், கதையை விட்டுவிட வேண்டியதுதான். கிடைத்ததை எழுதிவைக்கும்போது, இரும்பில் கண்டது, காகிதத்தில் கண்டது, வீட்டில் கேட்டது என்று தனித்தனியே எழுதுங்கள். நடுவில் இருபது ஆண்டு யாரிடம் இருந்தது என்று தெரியாவிட்டால் அந்த இருபதாண்டை வெற்றிடமாகவே விடுங்கள்.

சட்டம் குறித்து ஒரு வார்த்தை. பழையது என்பதாலேயே உரிமம் வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்தவை தொன்மைப் பொருளாகும்; பிரிட்டனிலோ பின்புறம் திறக்கும் 12 போர் துப்பாக்கி எவ்வளவு பழையதானாலும் சான்றிதழ் தேவைப்படும், ஏனெனில் அதற்குரிய தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது. காணாமற்போன, திருடுபோன துப்பாக்கிகளுக்கு இன்டர்போல் ஐஆர்ம்ஸ் என்ற தரவுத்தளத்தை வைத்திருக்கிறது. தனிநபர் அதைப் பார்க்க முடியாது, காவல்துறை வழியாகத்தான் கேட்க வேண்டும். டமாஸ்கஸ் குழலைச் சுட்டுப் பார்க்கும் ஆசை இருந்தால், குழல் சுவரின் தடிமனை ஒரு துப்பாக்கிக் கைவினைஞர் அளந்து சொல்லும்வரை அதை ஒத்திவையுங்கள்.

இப்போதைக்கு மூன்று படங்கள் போதும்: குழல்களின் அடிப்பரப்பு, விசைக்காப்பு வளையத்தின் வால், சாய்ந்த வெளிச்சத்தில் அந்த முட்டைவடிவத் தகடு. முதல் படத்தில் செங்கோலா, ‘ஜி.பி.’யா, முட்டைவடிவக் கோடா என்பது தெரிந்தாலே, கடிதம் எந்த நகரத்துக்கு எழுத வேண்டும் என்று சொல்லிவிடலாம்.